பெட்டகத்தில் கிடைத்த பழைய ராணுவத் தோட்டாக்கள்: செட்டிநாட்டு வீட்டாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகவோ, கல்யாணத்துக்காகவோ, பங்கு பிரிப்பதற்காகவோ திறக்கப்படும்போது, யாரும் எதிர்பாராத சாமான்கள் வெளியே வருவது வழக்கம். எங்கள் வீட்டில் அப்படி வந்தது ஒரு சீமை பிஸ்கட் டப்பா. இரண்டாம் கட்டு அறையில், ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பெட்டியின் அடியில், மெழுகுத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்த அந்த டப்பாவுக்குள் 23 தோட்டாக்கள் இருந்தன. அவற்றில் 15 தோட்டாக்கள் கழுத்து ஒடுங்கிய நீளமான பித்தளைத் தோட்டாக்கள். ஐந்தைந்தாக மூன்று இரும்புக் கிளிப்புகளில் செருகப்பட்டிருந்தன. மீதி எட்டும் காகிதக் கூடு ஊறிப் பருத்துப்போன வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்கள்.

அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்த பங்காளி மகன் ஒருவன் நீளமான தோட்டா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, அங்கே இதையெல்லாம் வீட்டிலேயே பிரித்து, புது மருந்து போட்டு, திரும்ப நிரப்புகிறார்கள். ஒரு கொறடு இருந்தால் நானே பிரித்துக் காட்டுகிறேன்" என்றான். அவன் கையிலிருந்து அதை வாங்கி வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அன்று முதல் அந்தத் தோட்டாக்கள் வீட்டைவிட்டு வெளியேறும் வரை நாங்கள் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும், பிறகு உறவினர் வீடுகள் இரண்டில் இதே நிலை ஏற்பட்டபோது கற்றுக்கொண்டவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். தோட்டாவைத் திரும்ப நிரப்பும் முறை இதில் இல்லை. அதை ஏன் தொடக்கூடாது என்பதற்கான காரணங்கள் விரிவாக உள்ளன.

முதல் படி: கையை எடுங்கள், ஆட்களை விலக்குங்கள்

டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பது தோட்டா என்று தெரிந்தவுடன், அதைக் கவிழ்க்காமல், குலுக்காமல், எடுத்து எண்ணாமல், இருந்த இடத்திலேயே வையுங்கள். நாங்கள் எண்ணினோம், அது தவறு. தோட்டாவின் அடிப்பக்க நடுவில் இருக்கும் சிறிய வட்டமான கேப்புதான் அடிபட்டால் தீப்பொறி தரும் பகுதி. பழைய தோட்டாவைத் தொட்டவுடன் அது வெடித்துவிடும் என்பதில்லை. ஆயினும் கல் தரையில் விழுந்தாலோ, ஒன்றன் முனை மற்றொன்றின் கேப்பில் இடித்தாலோ விளைவு என்ன என்று சோதித்துப் பார்க்கும் இடம் வீட்டின் நடுமுற்றமான வளவு அல்ல. ஆத்தங்குடித் தரை எவ்வளவு வழவழப்பானது என்பது அதில் ஒரு முறை வழுக்கியவர்களுக்குத் தெரியும்.

கூடத்தில் குழந்தைகள் இருந்தால் அவர்களை முகப்புப் பக்கம் அனுப்பிவிடுங்கள். விறகடுப்பு மூட்டியிருக்கும் மூன்றாம் கட்டுக்கோ, விளக்கேற்றிய சாமி அறைக்கோ டப்பாவைக் கொண்டுபோகாதீர்கள். கைபேசியில் மேலிருந்து இரண்டு படங்கள் எடுத்துக்கொள்வது பிறகு உதவும். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைப்பார்கள்; தீப்பெட்டி வேண்டாம், ஒரு பேனா போதும். எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடவேண்டாம் என்பது என் திடமான கருத்து. கோலாலம்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாற்பது பேர் நாற்பது யோசனை சொல்வார்கள். அவற்றில் "எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்" என்பதும் இருக்கும்.

டப்பாவில் இருப்பது தோட்டா அல்லாமல், கையெறி குண்டு போலவோ, பீரங்கிக் குண்டு போலவோ, திருகு மூடியுள்ள உலோக உருளை போலவோ தெரிந்தால், இந்த வழிகாட்டியில் இதற்குமேல் உள்ள எதுவும் பொருந்தாது. அறையைப் பூட்டிவிட்டு, வீட்டைவிட்டு வெளியே வந்து, 112 எண்ணை அழைத்து, வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வரும்வரை காத்திருங்கள்.

இரண்டாம் படி: கண்ணால் மட்டும் அடையாளம் காணுங்கள்

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தே சட்டத்தின் கடுமை மாறுகிறது. ஆகவே தொடாமல், டார்ச் விளக்கின் வெளிச்சத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

செட்டிநாட்டு வீடுகளில் அதிகம் எதிர்பார்க்கக்கூடியது 12 போர் (குழாய் அளவு) வேட்டைத் தோட்டா. கட்டைவிரல் பருமன், தட்டையான முனை, அடியில் பித்தளைத் தொப்பி, மேலே காகிதம் அல்லது பிளாஸ்டிக் கூடு ஆகியவை அதன் அடையாளங்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழாய்க்குள் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழாயின் அளவைத்தான் 12 என்ற எண் குறிக்கிறது; ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். காவலுக்கும் வேட்டைக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் இதன் மிச்சம் கிடப்பது இயல்பு.

ராணுவத் தோட்டா வேறு மாதிரி இருக்கும். பிரிட்டிஷ் இந்தியப் படையின் .303 தோட்டா ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் நீளம் கொண்டது. கழுத்து ஒடுங்கி, முனை கூராக, அடியில் விளிம்பு வெளியே துருத்தியிருக்கும். அடிப்பாகத்தில் சுற்றிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கில கே, எஃப் எழுத்துகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி இருந்தால் அது புனே அருகிலுள்ள கிர்கீ தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இன்று அவ்வூரைக் கட்கி என்கிறோம். அதனருகே இரண்டு இலக்கத்தில் ஆண்டும், ரோமன் எண்ணில் ஏழும் காணப்படலாம். ஏழு என்பது 1910-இல் சேவைக்கு வந்த ஏழாம் மாதிரியைக் குறிக்கிறது. எங்கள் கிளிப்புகளில் இருந்தவை அத்தகையவையே.

கேப்பைச் சுற்றியுள்ள மெல்லிய வண்ண வளையத்தையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் முறையில் ஊதா வளையம் சாதாரணக் குண்டு, சிவப்பு வளையம் பாயும்போது ஒளிவிட்டுத் தடம் காட்டும் குண்டு, பச்சை கவசம் துளைக்கும் குண்டு, நீலம் தீப்பற்றவைக்கும் குண்டு. சிவப்போ நீலமோ இருந்தால், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லும்போது அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவற்றின் முனைக்குள்ளேயே எரியும் மருந்து இருக்கிறது. ஜப்பானியத் தரைப்படையின் டைப் 99 துப்பாக்கிக்குரிய 7.7 மில்லிமீட்டர் தோட்டாவில் விளிம்பு வெளியே துருத்தாது, அடியில் பெரும்பாலும் எழுத்தும் இராது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளைத் திறப்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மூன்றாம் படி: துலக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம், நிரப்ப வேண்டாம்

இந்தப் படியில்தான் பெரும்பாலான வீடுகள் தடுமாறுகின்றன என்பதால் இங்கே சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. தடுமாற்றம் இரண்டு வகைப்படும்: ஒன்று ஆச்சிமார் வழி, மற்றொன்று இளவட்டங்கள் வழி.

களிம்பேறிய பித்தளையைக் கண்டால் புளியைக் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்களின் கையில் ஊறிய பழக்கம். எங்கள் அப்பத்தா டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "நல்ல பித்தளையப்பா, துலக்கினால் தங்கமாட்டம் இருக்கும்" என்பதுதான். தோட்டாவைத் துலக்கக்கூடாது. புளியின் அமிலம் களிம்பை அரிப்பதோடு நில்லாமல், கேப்பைச் சுற்றிப் பூசியிருக்கும் அரக்கு வளையத்தையும் சிதைக்கக்கூடும். வண்ணம் அழிந்துவிட்டால் அது எவ்வகைக் குண்டு என்ற அடையாளமும் போய்விடும். கேப்பின்மேல் நாரை வைத்து அழுத்தித் தேய்ப்பது எப்படிப்பட்ட செயல் என்பதை விளக்கவேண்டியதில்லை. கடையில் விற்கும் பித்தளை மெருகுத் திரவங்கள் இதைவிட மோசம், ஏனெனில் அவற்றில் சிலவற்றில் அம்மோனியா கலந்திருக்கிறது.

அம்மோனியாவுக்கும் தோட்டாவுக்கும் உள்ள பகை நம் நாட்டிலேயே கண்டறியப்பட்ட ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர், மழைக்காலத்தில் படை நடவடிக்கைகளை நிறுத்திவைத்து, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது பித்தளைக் கூடுகள் கழுத்துப் பகுதியில் தாமாகவே வெடிப்பு விட்டிருந்தன. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921-இல்தான் விளக்கப்பட்டது. கூட்டை அழுத்தி இழுத்து வடிக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும், குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் சேர்ந்து அந்த வெடிப்பை உண்டாக்கியிருந்தன. நம் வீடுகளில் குதிரை லாயம் கிடையாது. ஆனால் மூன்றாம் கட்டை ஒட்டி மாட்டுத் தொழுவம் இருந்த வீடுகள் உண்டு. பூட்டிய வீடுகளில் வௌவால் குடியேறி, அதன் எச்சம் அறை அறையாக நாறுவதும் உண்டு. அந்த நாற்றத்தில் அம்மோனியா இருக்கிறது. எண்பது ஆண்டு அந்தக் காற்றைச் சுவாசித்த கூட்டின் கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால், அது களிம்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது.

இனி இளவட்டங்களின் வழி. சுட்டு முடித்த கூட்டிலிருந்து பழைய கேப்பைத் தள்ளி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பும் அளந்த மருந்தும் புதுக் குண்டும் வைத்து மூடுவதைத்தான் அமெரிக்காவில் மறுநிரப்பல் என்ற பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அங்கே அதற்குச் சட்டம் இடமளிக்கிறது, தரப்படுத்திய உதிரிகள் கிடைக்கின்றன, ஒவ்வொரு மருந்துக்கும் சோதித்துப் பார்த்த அளவு அட்டவணைகள் வெளியாகின்றன. இவை மூன்றும் இல்லாத இடத்தில் அதன் படக்காட்சியை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவது, சமையல் தெரியாதவர் பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேர்வது போன்றது.

அப்படியே எல்லாம் கிடைத்தாலும், பழைய .303 ராணுவத் தோட்டா அந்த வேலைக்கு ஒத்துவராது. அமெரிக்கப் பழக்கத்தில் உள்ள பாக்ஸர் வகைக் கூட்டில், கேப்புக்கும் மருந்துக்கும் இடையே நடுவில் ஒரே துளை இருக்கும்; ஊசியை உள்ளே விட்டுக் கேப்பைத் தள்ளிவிடலாம். பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாவோ பெர்டான் வகை. அதில் நடுவே பித்தளையாலான சிறு பட்டடை கூட்டோடு சேர்ந்தே இருக்கும், இரு பக்கமும் சிறிய துளைகள் இருக்கும். நடுவில் குத்தும் ஊசி பட்டடையில் முட்டி நிற்கும்.

அதிலுள்ள மருந்தும் பொடி அல்ல. ஏழாம் மாதிரித் தோட்டாவில் பெரும்பாலும் கார்டைட் என்ற மருந்து, சேமியாவைக் கட்டாக அடுக்கியது போல நீள நீள இழைகளாக இருக்கும். ரோமன் ஏழுக்குப் பின் ஆங்கில இசட் எழுத்து இருந்தால் மட்டும் அது வேறு வகை மருந்து. திருத்தப்பட்ட கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடும், வெடிபஞ்சு 65 விழுக்காடும், பெட்ரோலியம் ஜெல்லி 5 விழுக்காடும் சேர்ந்திருக்கும். இந்த இழைக் கட்டை ஒடுங்கிய கழுத்து வழியாகத் திணிக்க இயலாது என்பதால், தொழிற்சாலையில் கூடு நேராக இருக்கும்போதே மருந்தை வைத்துவிட்டு அதன் பிறகே கழுத்தை ஒடுக்கினார்கள். அதாவது, அதைச் செய்த தொழிற்சாலையே முடிந்துபோன கூட்டில் மருந்தை மாற்ற நினைக்கவில்லை. நைட்ரோ வகை மருந்துகள் ஆண்டுகள் செல்லச் செல்ல, குறிப்பாக வெப்பத்தில், தாமாகச் சிதைந்து அமிலப் புகையை வெளியிடக்கூடியவை. சித்திரை வெயிலில் மேல்மாடி அறை எப்படிக் காயும் என்பது நமக்குத் தெரியும். அப்படி எண்பது சித்திரைகளைக் கண்ட மருந்து அது.

கேப்பிலும் சிக்கல் இருக்கிறது. அக்காலத்துக் கேப்பு மருந்தில் பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. சுட்டபின் பாதரசம் கூட்டின் பித்தளையில் ஊறி அதை நொறுங்கவைக்கும். குளோரேட் உப்பாக மாறிக் குழாயில் படிந்து, ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே சுட்ட கூடாக இருந்தாலும், சுடாத தோட்டாவாக இருந்தாலும், திரும்பப் பயன்படுத்தத்தக்க பகுதி என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

சட்டத்தின் நிலையும் ஐயத்துக்கு இடமில்லாதது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் வெடிதோட்டாவைத் தயாரிப்பதே குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அதற்குரிய தண்டனை ஏழாண்டிலிருந்து ஆயுள் வரை நீள்கிறது. அச்சட்டம் வெடிதோட்டா என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் அதன் உதிரிகளும், அதைச் செய்யும் கருவிகளும்கூட அடங்கும். பொழுதுபோக்கு என்ற விளக்கம் காவல் நிலையத்தில் செல்லாது.

நான்காம் படி: ஒப்படைக்கும் வரை வைத்திருக்கும் இடம்

அன்றே ஒப்படைப்பதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை இரவாகவே இருந்தாலும் தகவலை அன்றே சொல்லிவிடலாம். அவர்கள் வந்து எடுக்கும் வரை, டப்பாவை இருந்த அறையிலேயே விட்டு, அறையைப் பூட்டி, சாவியைப் பொறுப்பான ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். வெயில் நேராக விழும் சன்னலோரமோ, ஓட்டுக்கு அடியிலுள்ள மாடி அறையோ என்றால் மட்டும், தரைத்தளத்தில் குளிர்ச்சியான மூலைக்கு ஒரே ஒரு முறை, இரு கையாலும் டப்பாவோடு எடுத்து மாற்றலாம். எண்ணெய், பெயிண்ட், பழைய பட்டாசு எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. ஊருணியில் எறிவது, கொல்லையில் புதைப்பது, அடுப்பில் போடுவது ஆகிய மூன்று யோசனைகளும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வரும். மூன்றும் தோட்டாவை வேறொருவர் வீட்டுக் குழந்தையின் கைக்கோ, உங்கள் வீட்டாரின் கண்ணுக்கோ அனுப்பும் வழிகள்.

ஐந்தாம் படி: பழைய உரிமத்தைத் தேடுங்கள்

வீட்டில் துப்பாக்கி இருந்ததென்றால் அதற்கு உரிமம் இருந்திருக்கும். கணக்குப் பெட்டியிலும், பேரேடுகளோடு கட்டி வைத்த தாள்களிலும், பத்திரங்கள் இருக்கும் தகரக் குழாயிலும் தேடிப் பாருங்கள். 1962 அக்டோபருக்கு முந்தைய உரிமம் 1878-ஆம் ஆண்டுப் பழைய ஆயுதச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதாக இருக்கும். எந்த முத்திரையைத் தேடுவது என்பதில் பலருக்குக் குழப்பம் வருகிறது. இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985-இல் உருவானது. அதற்குமுன் காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகள் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன, அதன் கலெக்டர் அலுவலகமோ மதுரையில் இருந்தது. ஆகவே மதுரை முகவரியைப் பார்த்து, இது நம்முடையதல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தால், அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் தேதிதான் இந்திய யூனியனோடு இணைக்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய தாளில் சமஸ்தானத்து முத்திரையை எதிர்பார்க்கலாம்.

உரிமம் கிடைத்தாலும் அது இறந்தவர் பெயரில் இருக்கும், காலமும் கடந்திருக்கும். அதை வைத்து நீங்கள் எதையும் வைத்திருக்க இயலாது. ஆனால் அந்தப் பொருள் ஒரு காலத்தில் முறையாக வீட்டுக்குள் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உரிமம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடக்கூடாது. தேடுவது பிறகும் தொடரலாம்.

ஆறாம் படி: காவல் நிலையத்துக்குத் தெரிவித்தல்

இங்கே எல்லோருக்கும் இருக்கும் அச்சம் ஒன்றுதான்: நாமே போய்ச் சொன்னால் நம் மேலேயே வழக்குப் போட்டுவிடுவார்களோ? இதற்கான விடையை உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. ஆயுதச் சட்டம் தண்டிக்கும் வைத்திருத்தல் என்பது, இருப்பது தெரிந்தே வைத்திருத்தல். ஐயா காலத்துப் பெட்டிக்குள் இருந்தது தெரியாமல் நீங்கள் வாழ்ந்த ஆண்டுகள் உங்கள் கணக்கில் சேரா. டப்பாவைத் திறந்து பார்த்த நிமிடத்திலிருந்து மட்டும் கணக்கு தொடங்குகிறது. சாதாரணத் தோட்டாவை உரிமமின்றி வைத்திருந்தால் இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டு வரையும், .303 போலத் தடைசெய்யப்பட்ட வகையாக இருந்தால் ஏழாண்டிலிருந்து பதினான்கு ஆண்டு வரையும் தண்டனை உண்டு. இரண்டு நாள் யோசிப்போம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு நீங்களே நிலையத்துக்குப் போகவேண்டாம். வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோகிறேன் என்று சொல்வதை நம்பவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள், பிறகு ஒருவர் எழுத்துமூலமான மனுவோடு நேரில் செல்லட்டும், அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஊர்ப் பழக்கமுள்ள வக்கீல் ஒருவர் உடனிருந்தால் நல்லது. நாங்கள் எழுதிய மனுவின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருந்தது:

"மேற்படி வீடு எங்கள் பாட்டனார் வழியில் ஏழு பங்காளிகளுக்கும் பொதுவானது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டப்பட்டிருக்கும். இன்று காலை சுமார் 10 மணிக்கு, இரண்டாம் கட்டின் கிழக்கு அறையிலுள்ள தேக்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, தகர டப்பாவில் பழைய தோட்டாக்கள் 23 இருப்பது தெரியவந்தது. அவை அங்கு இருந்தது இதற்குமுன் எங்களில் எவருக்கும் தெரியாது. அவை அதே அறையில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எடுத்துக்கொண்டு ஒப்புகை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

வீடு பொதுவாக இருப்பதால் ஊரிலிருக்கும் பங்காளிகள் எல்லோரும் கையொப்பமிடுவதே நல்லது. ஒருவர் மட்டும் இட்டால் அவரே வைத்திருந்தவர் என்று பின்னால் பேச்சு வரும். மனுவைக் கொடுத்தவுடன் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எடுத்துச் செல்லும்போது எழுதப்படும் கைப்பற்றல் பட்டியலான மகஜரில் எண்ணிக்கையும், அடியிலுள்ள பொறிப்பும், கிடைத்த இடமும் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டே கையொப்பமிடுங்கள். எங்கள் மகஜரில் முதலில் 15 என்று மட்டும் எழுதிவிட்டார்கள். காகிதத் தோட்டாக்கள் எட்டையும் வேட்டு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பொறுமையாகச் சொன்னதும் எந்தத் தகராறுமின்றித் திருத்தி எழுதினார்கள். அந்த எட்டு மட்டும் வீட்டிலேயே தங்கியிருந்தால், அடுத்த படைப்பில் இதே கதை திரும்பவும் நடந்திருக்கும்.

ஏழாம் படி: துப்பாக்கியும் சேர்ந்து கிடைத்தால்

சுவரில் மாட்டியிருக்கும் நாட்டுத் துப்பாக்கியை விளையாட்டுச் சாமானாக நினைக்காதீர்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளைக் கெட்டித்த நிலையிலேயே மாட்டி வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. குழாய்க்குள் பார்த்து அது காலியா என்று சொல்ல இயலாது. கரும்பொடி மருந்து ஈரம் படாமல் இருந்துவிட்டால் தலைமுறைகள் கடந்தும் எரியும். குதிரை எனப்படும் சுத்தியலை இழுத்துப் பார்ப்பதும், வாயில் கண் வைப்பதும் கூடவே கூடாது. ஆயுதப்படைப் பிரிவில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் பார்த்துச் சொல்லட்டும்.

உரிமம் உள்ளவர் இறந்துவிட்டால், சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தால் உரிமை போய்விடாது. வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள மற்றொருவருக்கு விற்கலாம். குறித்த காலத்துக்குள் இரண்டில் எதையும் செய்யாவிட்டால் அது அரசுடைமை ஆகிவிடும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆம் விதி வாரிசு உரிமத்துக்கு வழி சொல்கிறது. உரிமம் உள்ளவர் எழுபது வயதை எட்டியிருந்தாலோ, இருபத்தைந்து ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கவும் அது இடமளிக்கிறது. அப்பச்சி இருக்கும்போதே பேசி முடிக்கவேண்டிய காரியங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்கவேண்டியது மாவட்ட ஆட்சியரிடம். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க 2019 திருத்தம் அனுமதிப்பதில்லை. முன்பு மூன்று என்று இருந்தது. வாரிசாக வந்ததும் அந்த இரண்டுக்குள்தான் அடங்கவேண்டும்.

பழுதாகிப்போனது, இனிப் பழுது பார்த்தாலும் சுடாது என்ற நிலையில் உள்ள பழங்காலத் துப்பாக்கிக்கு 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அது அந்நிலையில் உள்ளதா என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர் நீங்கள் அல்ல. துருப்பிடித்திருக்கிறது என்பதும் சுடாது என்பதும் வேறு வேறு. எழுத்துமூலமான சான்று கையில் வரும்வரை அதை முகப்பில் அலங்காரமாக மாட்டவேண்டாம்.

எட்டாம் படி: விற்கலாமா, நினைவாக வைத்துக்கொள்ளலாமா

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருட்கள் வாங்குவோர் தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம் என எல்லாவற்றையும் வாங்கி விற்பது ஊரறிந்தது. வீட்டுச் சாமானை மொத்தமாக விலைபேசும்போது பெட்டிகளைத் திறந்து பார்க்காமல் அப்படியே கொடுத்துவிடும் அவசரம்தான் ஆபத்து. தோட்டா உள்ள பெட்டி கடைக்குப் போனால், வாங்கியவருக்கும் சிக்கல், விற்றவருக்கும் சிக்கல். பித்தளை என்று எடைக்குப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். இரும்புக் கடையில் அதை உடைக்க எடுக்கும் சுத்தியலுக்கு அது தோட்டா என்று தெரியாது.

காலிக் கூட்டை மட்டுமாவது ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. உதிரியும் வரையறைக்குள் வருவதால், அதிகாரியின் எழுத்துமூலமான பதில் இல்லாமல் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். வெறும் இரும்பு வெடிப்பெட்டி, தோல் உறை, பழைய உரிமப் புத்தகம், ரங்கூன் கடை முத்திரையுள்ள ரசீது ஆகியவை வேறு வகை; அவற்றை வைத்துக்கொள்வதில் தடையில்லை. உரிமப் புத்தகத்தை நகலெடுத்து ஒப்படைத்துவிட்டு, மூலத்தைத் திரும்பத் தருவார்களா என்று அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் பெட்டியில் உரிமம் கடைசிவரை கிடைக்கவில்லை. டப்பாவைச் சுற்றியிருந்த மெழுகுத் துணியும், மகஜரின் நகலும், மனு ரசீதும் இப்போது ஒரே உறையில் கணக்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. பிஸ்கட் டப்பாவைக் காவலர்களே கேட்டு எடுத்துச் சென்றார்கள். தோட்டாக்களை வேறு எதில் மாற்றுவது என்று அவர்களுக்கும் தோன்றவில்லை போலும்.